ஆமென் வராத வெள்ளிக்கிழமை

கத்திரிக்காயைக் காம்பு கிள்ளி, நாலாக வகுந்து, கறுப்பதற்குள் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். இதற்கு மூளை வேண்டாம், அதுதான் இன்றைக்குத் தொந்தரவு. கை அதுபாட்டுக்கு அரிவாள்மனையில் ஓடிக்கொண்டிருக்க, எப்சிபாவின் மூளை சும்மா இருந்தது. சும்மா இருந்த மூளை எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உள்ளி உரிக்கிற கூட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் ரோசலிண்ட் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு என்றும் சொல்ல முடியாது, முகத்தைக் காட்டிக்கொண்டு என்றும் சொல்ல முடியாது, ஒரு தோளை மட்டும் காட்டிக்கொண்டு. ஏழு வாரமாக அந்தத் தோள்தான். நாளைக்குக் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, சாயங்காலம் அசனம். சபையார் அத்தனை பேரும், சபையில் சேராத அக்கம்பக்கத்தாரும், கோயில் வளாகத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே உலைச் சோற்றைச் சாப்பிடுவார்கள். அதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, பெண்கள் அவரவர் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்துவிட வேண்டும் என்பது தூத்துக்குடி ஆசிரியர் காலனிச் சபையின் எழுதாத சட்டம். மனை மாறிப்போகாமல் இருக்கப் பலகையின் அடியில் நகப்பாலிஷால் பேர் எழுதியிருப்பார்கள். யார் எந்தக் காய்க்கு உட்காருவது என்பதும் எழுதாத சட்டம்தான். பூசணிக்காய்க்காரி செத்தால்தான் பூசணிக்காய்க்கு ஆள் மாறும் என்று கேலி பேசுவார்கள். பதினோரு வருஷமாக எப்சிபாவும் ரோசலிண்டும் கத்திரிக்காய். ஒருத்தி காம்பு கிள்ளுவாள், ஒருத்தி வகுவாள். இன்றைக்கு ரோசலிண்ட் பந்தலுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி, நேராக உள்ளி மூட்டைப் பக்கம் போய் உட்கார்ந்ததை முப்பது பெண்களும் பார்த்தார்கள், ஒருத்தியும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கெட்டிக்காரி. உள்ளி உரிக்க உட்கார்ந்தவள் கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். எப்சிபா தானே காம்பைக் கிள்ளித் தானே வகுந்துகொண்டிருந்தாள்.

இருக்கட்டும். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம். எப்சிபாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அறுபத்தொரு வயதில் அவள் முடிவு பண்ணி நடக்காமல் போன காரியங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம், கட்டை விரல் மிச்சமிருக்கும். நாலு மணிக்கு வேலை முடியும். வேலை முடிந்ததும் பெண்கள் சங்கத் தலைவி குளோரி எழுந்து சேலையை உதறிவிட்டு, "எப்சிக்கா, ஒரு ஜெபம் பண்ணி முடிச்சிருங்க" என்பாள். வருஷா வருஷம் அப்படித்தான். எப்சிபா ஜெபித்தால் ஓடு நடுங்கும் என்று இந்தச் சபையில் ஒரு பேச்சு உண்டு, பாஸ்டர் ஐயாவே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொறாமை இருந்ததையும் எப்சிபா கவனித்திருக்கிறாள். முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த குரல் அது. இன்றைக்கு அந்தக் குரலை வைத்தே கெட்டதைச் சரிப்படுத்திவிடுவாள். எல்லார் முன்னாலும், ஆண்டவர் சந்நிதியில், ரோசலிண்டின் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பாள். தனியாய்ப் போய்க் கேட்டால்தானே கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள்? ஜெபத்தின் நடுவில் எழுந்துபோக முடியாதே! வாசகங்களைக்கூட நேற்று ராத்திரியே அடுக்கிவைத்தாகிவிட்டது. அன்புள்ள ஆண்டவரே, உம்முடைய அடியாள் நாவினால் செய்த பிழையை இந்தச் சகோதரிகளின் நடுவிலே அறிக்கையிடுகிறேன். நல்ல தொடக்கம். அதற்கப்புறம், என் அருமைத் தங்கை ரோசலிண்டின் இருதயத்தை நான் காயப்படுத்தினேன். இங்கே குரல் கொஞ்சம் உடைய வேண்டும். உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, தானே உடையும். உடைந்த இடத்தில் நாலைந்து பேராவது மூக்கை உறிஞ்சுவார்கள். பூச்சிக் கத்திரிக்காய் ஒன்று கைக்கு வந்தது. அதைத் தனியே வீசிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

நாவினால் செய்த பிழை. அழகாகத்தான் இருக்கிறது சொல்வதற்கு. ஏழு வாரத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை அப்படி அழகாக இல்லை. டெய்சி ராணி வீட்டு மாடியில் பெண்கள் ஜெபக்கூட்டம், பதினேழு பேர், மின்விசிறி டக்டக் என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமைதான் ரோசலிண்ட் அவளிடம் அதைச் சொல்லியிருந்தாள், மார்க்கெட்டில், மீன் பைக்குள் பார்த்தபடி. மகள் பெனிட்டா மதுரையில் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள், லீவுக்கு வரவில்லை, வந்தேவிட்டாள், அவன் கை நீட்டுகிறான், கல்யாணமான மூணாம் மாசத்திலிருந்தே. "யார்ட்டயும் சொல்லலக்கா. ஒங்ககிட்டதான் சொல்லுதேன். ஜெபிச்சுக்கோங்க." ஜெபிச்சுக்கோங்க. அந்த ஒரு வார்த்தைதான் குழி பறித்தது. வெளியாட்களுக்கு இது புரியாது. சபைக்காரி ஒருத்திக்குத்தான் இந்த இடத்தில் கால் இடறும். எப்சிபாவுக்கு ஜெபம் என்றால் வாய் திறந்து ஜெபிப்பது. மனசுக்குள் முனகுவதெல்லாம் அவள் கணக்கில் சேராது. அன்றைக்குக் கண்ணை மூடினாள், நாட்டுக்காக, சபைக்காக, வீட்டுக்காரி டெய்சி ராணிக்காக என்று தொடங்கியது, சுதி ஏறியது, பதினேழு பேரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று தாளம் போட்டார்கள், அப்புறம் அது தன்னால் வந்தது: "ஆண்டவரே, எங்க ரோசலிண்ட் தங்கச்சியோட மகள் பெனிட்டா புருஷன்கிட்ட அடிபட்டு, வாழ்வை இழந்து, தாய் வீட்டு வாசல்ல வந்து நிக்குறாளே…" நிக்குறாளே என்கிற இடத்தில் குரல் எப்படி மேலே போயிற்று என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நன்றாகப் போயிற்று. அதுதான் கேவலம். எல்லாரும் ஆமென் என்றார்கள். ரோசலிண்டின் ஆமென் எப்போதும் எல்லாருக்கும் கடைசியில், அரை மூச்சு தாமதமாக, தனியாகக் கேட்கும். எப்சிபா அதற்காகக் காத்திருந்துதான் கண்ணைத் திறப்பாள். அன்றைக்குக் காத்திருந்தாள். மின்விசிறிதான் டக்டக் என்றது. கண்ணைத் திறந்தபோது ரோசலிண்ட் தரையில் விரித்திருந்த ஜமுக்காளத்தின் நூல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோரு வருஷம்! இந்த ஊரில் எவன் எவளிடம் என்ன பேசினான், எந்தக் கப்பல் முதலாளி எந்த ராத்திரி அழுதான், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்து போன் வந்தது, எல்லாம் இந்தக் காது வழியாகத்தான் போயிற்று. ஒரு வார்த்தை வாய் வழியாக வந்ததுண்டா? கட்டினவன் பொன்னுத்துரை கேட்டுப் பார்ப்பார், "ஏட்டி, எதாவது ருசியா சொல்லேன்" என்று. சாகிறவரைக்கும் அவருக்கு ஒரு ருசியும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வாய். சந்நிதியில் நிற்கிறோம் என்ற தைரியத்தில் அவிழ்ந்துவிட்டது. கடவுளிடம்தானே சொன்னேன் என்று முதல் இரண்டு நாள் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தாள். கடவுளுக்குத் தெரியாததையா அவருக்குச் சொன்னாய் என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்கதி பரவி, சபை முழுக்கப் பாரம் ஏறிவிட்டது. பாரத்தோடு ஜெபிக்கிறோம் என்று மூன்று மூன்று பேராக ரொட்டிப் பாக்கெட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் தூக்கிக்கொண்டு ரோசலிண்ட் வீட்டுக்குப் போனார்கள், பெனிட்டாவுக்கு என்னவோ டைபாய்டு வந்த மாதிரி. போன ஒவ்வொருத்தியும் ஒரு புத்தி சொல்லிவிட்டு வந்தாள். பொறுமையா இரு மகளே, ஆம்பளைன்னா அப்படித்தான், நீ ஜெபி, அவன் திருந்துவான், திரும்பப் போ. எப்சிபா மூன்று முறை போனாள், வெறுங்கையோடு. இரண்டு முறை கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை பெனிட்டாவே திறந்தாள். இருபத்தாறு வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு, கையில் துடைப்பம். "அம்மா தூங்குதாங்க ஆன்ட்டி." சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. "நீங்க ஜெபிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க." அவ்வளவுதான் சொன்னாள், மரியாதையாகத்தான் சொன்னாள், கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள். எப்சிபா அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள்.

"எக்கா, தண்ணி மாத்தணுமா?" என்று யாரோ கேட்டார்கள். மாத்தணும். வாளித் தண்ணீர் கறுத்துவிட்டது. பந்தலுக்கு வெளியே ஆண்கள் அடுப்புக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், உபதேசியார் மைக்கைத் தட்டித் தட்டி ஹலோ ஹலோ என்றார், கடல் பக்கமிருந்து உப்புக் காற்று அடித்தது, கிழக்கே கொஞ்சம் கருக்கலிட்டிருந்தது. மழை வந்து கெடுத்துவிடக் கூடாது. இந்தச் சபையில் நூற்றிருபத்தாறு குடும்பம். நூற்றிருபத்தாறு வீட்டுக்கும் எப்சிபா போயிருக்கிறாள். யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டுக் காபி குடிக்க முடியாது, எல்லாம் தெரியும். பிரசவம், ஆபரேஷன், துக்கம், எதற்கும் முதல் ஆள். அதனால் தனக்கு நூற்றிருபத்தாறு குடும்பமும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், ஆறு வருஷத்துக்கு முன் சிக்குன்குனியா வந்து படுக்கிற வரைக்கும். பொன்னுத்துரை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, மகன் மஸ்கட்டில். விரலைக்கூட மடக்க முடியவில்லை. முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. எல்லாருக்கும் எப்சிபாவைத் தெரியும். எப்சிபா வீட்டுக்கு ஆள் போகாமலா இருக்கும் என்று ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரை நம்பிச் சும்மா இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ரோசலிண்ட் வந்தாள். அதற்கு முன் அவளை எப்சிபா ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. சாயர்புரத்திலிருந்து வந்த ஒரு அமைதியான பெண், வீட்டுச் சந்திப்புக்குப் போகும்போது ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நடப்பவள், கத்திரிக்காய்க்குக் காம்பு கிள்ளுபவள். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள், உட்கார்ந்தே இருந்தாள். எப்சிபாவுக்குப் பொறுக்கவில்லை. "ஜெபம் பண்ணலியாட்டி?" "எனக்கு அதெல்லாம் வராதுக்கா. பாத்திரம் நிறையக் கெடக்கு, கழுவிட்டுப் போறேன்." பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எப்சிபா படுத்துக் கிடந்தாள், காது வழியாக உடம்பு தேறுகிற மாதிரி இருந்தது. போகும்போது வாசலில் நின்று ரோசலிண்ட் கேட்டாள், "ஒங்களுக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கவே மாட்டாவளோக்கா?" முப்பது வருஷமாக எல்லாரிடமும் உனக்கு என்ன ஜெபிக்கணும் என்று கேட்டுத் திரிந்தவளிடம் யாரும் திருப்பிக் கேட்காத கேள்வி அது. அழுதுவிட்டாள் எப்சிபா. வெட்கமாகக்கூட இல்லை.

அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும்தான். சபையில் சகோதரி சகோதரி என்று எல்லாரையும் கூப்பிடுகிறோம், எப்சிபாவுக்குக் கூடப் பிறந்தது இரண்டு அண்ணன்மார். சகோதரி என்றால் என்ன என்று ஐம்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டாள். புதன்கிழமை மார்க்கெட், சனிக்கிழமை ஆஸ்பத்திரிச் சந்திப்பு, நடுவில் போன். ஒருநாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்து, உருக்கமாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருகிறார்கள். ஜன்னலோரம் எப்சிபா. வல்லநாடு தாண்டும்போது, ஏன் என்று தெரியாது, வாயில் வந்தது. "ரோசு, ஒரு விஷயம் சொல்லுதேன், சிரிக்கப்படாது. நான் ஜெபிக்கும்போது அவர் கேக்குறாரா இல்லியான்னு எனக்குத் தெரியலட்டி. என் குரல்தான் எனக்கு நல்லாக் கேக்குது." ரோசலிண்ட் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அப்புறம், "எங்களுக்கும் நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லி எப்சிபாவின் மடியில் இருந்த ஆரஞ்சை எடுத்து உரித்தாள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. மூன்று வருஷம் ஆகிறது. அதை இப்போது நினைத்தபோது எப்சிபாவின் கை மனைமேல் நின்றது. இந்த ஏழு வாரத்தில் ஒருமுறைகூட இப்படித் தோன்றவில்லையே! ரோசலிண்ட் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? பெண்கள் சங்கத்து எப்சிபாவுக்கு, ஓடு நடுங்க ஜெபிக்கிற எப்சிபாவுக்கு, ஆண்டவர் கேட்கிறாரா என்றே தெரியாதாம். போதாதா? நாளைக்கு அசனப் பந்தியில் இலைக்கு இலை பரிமாறிவிடுவார்களே. எதிர்ப்பக்கம் ரோசலிண்ட் குனிந்து பக்கத்தில் இருந்த வசந்தா டீச்சரின் காதில் என்னவோ சொன்னாள். வசந்தா டீச்சர் நிமிர்ந்து நேராக எப்சிபாவைப் பார்த்தாள். சொல்லிவிட்டாளா? சொன்னால்தான் என்ன, சரிக்குச் சரி, கொடுத்ததைத்தானே வாங்குகிறோம், ஆனாலும் இன்றைக்கா, முப்பது பேர் நடுவிலா, நான் ஜெபிக்க எழுந்திருக்கிற அன்றைக்கா? வசந்தா டீச்சர் எழுந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு எப்சிபாவை நோக்கி நடந்துவந்தாள். வந்து, எப்சிபாவுக்குப் பின்னால் கிடந்த காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளித் தோலைப் போடுவதற்கு.

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் வந்தது. அட மடச்சி. சொல்வதாக இருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே சொல்லியிருப்பாள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக வந்து நின்ற அந்த முதல் வாரத்தில், வயிறு எரிந்த வேகத்தில் சொல்லியிருப்பாள். ஏழு வாரம் கோபமாக இருந்தாள், முகம் கொடுக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை, எல்லாம் உண்மை. அந்த ஏழு வாரமும் எப்சிபாவின் ரகசியத்தையும் பத்திரமாக வைத்திருந்தாள். உறவே வேண்டாம் என்று போகிறவள், பத்திரமாக வைக்கக் கொடுத்த நகைப் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்காமலா போவாள்? ஒப்படைக்கவில்லையே. அப்படியானால் உறவு இன்னும் அறுந்துபோகவில்லை. எப்சிபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகெலும்பு சொடக்குப் போட்டது. ஆகும், ஆகிவிடும், நாலு மணிக்கு எழுந்து இரண்டு கையையும் விரித்து, அன்புள்ள ஆண்டவரே, உம்முடைய அடியாள்…

"எக்கா." குளோரி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, குரலைத் தாழ்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு பந்தல் கேட்கப் பேசுவாள். "இன்னிக்கு முடிக்கும்போது ரோசலிண்ட் மகளுக்காவயும் ஒரு வார்த்த ஜெபிச்சிருங்கக்கா. நாங்க எல்லாருமே பாரமா இருக்கோம். பாவம், எங்கயும் தலைகாட்டாம வீட்டுக்குள்ளயே கெடக்கா. நீங்க ஜெபிச்சா ஒரு உருக்கம் இருக்கும்." எப்சிபா குளோரியைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தாள். உள்ளிக் கூட்டத்தில் எல்லார் கையும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கை மட்டும் நின்றிருந்தது. ரோசலிண்டின் கட்டை விரல் உள்ளித் தோலுக்குள் பாதி நுழைந்தபடி அப்படியே நின்றது. தோள் அசையவில்லை. அடி வாங்கப் போகிற பிள்ளை உடம்பை இறுக்கிக்கொள்ளுமே, அப்படி இறுக்கிக்கொண்டிருந்தாள். யாரிடமிருந்து அடி? குளோரியிடமிருந்தா? இல்லை. எப்சிபா எழுந்திருக்கப் போகிற அந்த நாலு மணியிலிருந்து. அன்புள்ள ஆண்டவரே, என் அருமைத் தங்கை ரோசலிண்டின் இருதயத்தை. ஐயோ. ரோசலிண்ட் என்று பேர் வருமே. பேர் வந்ததும் முப்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு பெனிட்டாவின் கன்னத்தைத்தானே பார்ப்பார்கள்? மன்னிப்புக் கேட்கிறேன் என்று அதே சங்கதியை, அதே ஆட்கள் நடுவில், அதே குரலில், குரல் உடைகிற இடம் வரைக்கும் குறித்து வைத்துக்கொண்டு, இன்னொருமுறை. நாளைக்கு வந்து சொல்வார்கள், அக்கா, நேத்து நீங்க மன்னிப்புக் கேட்டது ரொம்ப நல்லா இருந்துச்சு. பெனிட்டா வீட்டில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொள்வாள். ராத்திரி எல்லாம் கண் விழித்து இதையா அடுக்கினோம்! தன்மேல் வந்த எரிச்சலில் எப்சிபா ஒரு முழுக் கத்திரிக்காயைக் காம்போடு தண்ணீரில் போட்டுவிட்டாள். குளோரி அதை எடுத்துக் கையில் கொடுத்து, "என்னக்கா, சரிதானே?" என்றாள். "பாக்கலாம்" என்றாள் எப்சிபா.

அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசனை ஓடத்தான் செய்தது. பேர் சொல்லாமல் ஜெபித்தால்? தெரிந்துவிடும். துன்பப்படுகிற சகோதரிகளுக்காக என்று பொதுவாக? அதுவும் அவளைத்தான் சுட்டும். வாய்க்கு வாசகங்கள் வரிசையாக வந்து நின்றன, முப்பது வருஷப் பழக்கம், ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசிக் கத்திரிக்காய் விழுந்தபோது மணி நாலேகால். அரிவாள்மனைகள் மடங்கின. முக்காடுகள் தலைக்கு ஏறின. குளோரி எழுந்து சேலையை உதறி, "எப்சிக்கா" என்றாள். எப்சிபா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முப்பது பேரும் கண்ணை மூடினார்கள், நீண்ட ஜெபத்துக்குத் தோதாகச் சில பேர் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். "ஆண்டவரே," என்றாள் எப்சிபா, மார்க்கெட்டில் பேசுகிற குரலில், "நாளைக்கு மழை வராம இருக்கணும். சோறு கொழஞ்சிராம இருக்கணும். வந்த எல்லாரும் வயிறாரச் சாப்பிடணும். ஆமென்." ஒருவரும் ஆமென் சொல்லவில்லை, சொல்ல நேரம் வந்துவிட்டது என்றே யாருக்கும் தெரியவில்லை. கண்ணை மூடியபடி அடுத்த வாசகத்துக்குக் காத்திருந்தார்கள். வசந்தா டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "முடிஞ்சுதா?" என்று பூசணிக்காய்ப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது, யாரோ கொல்லென்று சிரித்தார்கள், சிரிப்போடு சிரிப்பாக ஆங்காங்கே ஆமென்கள் விழுந்தன. எப்சிபாவுக்கு வாய் நிறைய இன்னும் மிச்சம் இருந்தது. விழுங்கினாள். விழுங்க முடிந்தது.

தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கை கழுவும்போது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து நீண்டது. உள்ளி வாசம். எப்சிபா திரும்பவில்லை. குழாயை அந்தக் கைகளுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கினாள். "தப்புப் பண்ணிட்டேன்ட்டி" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. அடுக்கிவைத்த வாசகங்களில் அது இல்லை. "தெரியும்" என்றாள் ரோசலிண்ட். கொஞ்ச நேரம் கழுவினாள். கழுவின கையையே திரும்பக் கழுவினாள். "எனக்கு இன்னும் ஆறலக்கா. ஆறிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்." "சொல்ல வேண்டாம்." குழாயை மூடினாள் ரோசலிண்ட். மூடிவிட்டு, மீன் பைக்குள் பார்ப்பது மாதிரி தொட்டிக்குள் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினாள். "திங்கக்கெழம பத்து மணிக்கு வக்கீலப் பாக்கப் போறோம். பெனிட்டா முடிவு பண்ணிட்டா, திரும்பப் போகல. எனக்கு அங்க போய்ப் பேச வராது. நீங்க கூட வாறியளா?" ஜெபிச்சுக்கோங்க என்று சொல்லவில்லை. வாறியளா என்று கேட்கிறாள். "வாறேன்." "யார்ட்டயும்…" "ஏட்டி, வாறேன்னு சொல்லிட்டேன்லா." அதற்குள் குளோரி கையெல்லாம் பூசணிக்காய் விதையோடு குழாய்க்கு வந்து சேர்ந்தாள், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "ஸ்தோத்திரம்! பேசிட்டியளா? என்னக்கா சொல்லுதா ரோசலிண்டு?" எப்சிபா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "வீட்டுல வாழக்கா நறுக்குன கறை கையில ஒட்டிக்கிச்சாம், எப்படிப் போகும்னு கேக்கா." "தேங்காயெண்ணெய் தேச்சா போயிரும்ட்டி" என்றாள் குளோரி, உண்மையான அக்கறையோடு. "தேச்சிருதேன்க்கா" என்று ரோசலிண்ட் தலையாட்டினாள், கறை ஒரு சொட்டும் இல்லாத இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.